ஜெயித்த பிறகு அவசரச் சட்டம் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: அரசு வாரியம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நாங்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் ஓய்வூதிய நிலுவைக்கு உத்தரவு வாங்கினோம். பணம் வரவில்லை. "அவசரச் சட்டம் வரப்போகிறது, தீர்ப்பு செல்லாமல் போய்விடும்" என்கிறார்கள். அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: ஓரளவுக்குத்தான் முடியும். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கூடாத நேரத்தில் அரசு கொண்டுவரும் தற்காலிகச் சட்டம்தான் அவசரச் சட்டம். தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டத்தை அரசு திருத்தலாம், முன்தேதியிட்டும் திருத்தலாம். சட்டத்தில் எதையும் மாற்றாமல் தீர்ப்பை மட்டும் செல்லாது என்று அறிவிக்க முடியாது. 1969-இல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன விஷயம் இது.

உங்கள் நிலைக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. 1974-இல் எல்.ஐ.சி. தன் மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களுக்கு 15 சதவீத போனஸ் தருவதாக ஒப்பந்தம் போட்டது. நெருக்கடி நிலை வந்ததும் கொடுக்க மறுத்தது. ஊழியர்கள் கல்கத்தா உயர் நீதிமன்றம் போனார்கள். 1976 மே 21-இல் போனஸைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எட்டே நாளில், மே 29-இல், ஒப்பந்தத்தின் அந்தப் பகுதியை ரத்து செய்யும் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்த தைரியத்தில் எல்.ஐ.சி., "இனி மேல்முறையீட்டை நடத்தத் தேவையில்லை" என்று விட்டுவிட்டது. அங்கேதான் சறுக்கியது. 1978-இல் 7 நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. கல்கத்தா உத்தரவு இறுதியாகிவிட்டது, சட்டம் வந்தாலும் அந்த உத்தரவு எல்.ஐ.சி.யைக் கட்டுப்படுத்தும் என்று நீதிபதி பகவதி எழுதினார். உங்கள் வழக்கோ உச்ச நீதிமன்றத்திலேயே முடிந்தது. அதை லேசாக நினைக்காதீர்கள்.

ஓய்வூதியம் என்பதால் இன்னொரு பலமும் இருக்கிறது. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டும் ஊழியர்களின் ஓய்வூதியத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் ரன்னிங் அலவன்ஸ் (ரயிலில் ஓடும் பணிக்கான படி) கணக்கை 1988-இல் முன்தேதியிட்டுக் குறைத்தார்கள். ஏற்கெனவே ஓய்வுபெற்றவரின் ஓய்வூதியத்தை இப்படிப் பின்னால் போய் வெட்டக் கூடாது என்று 1997-இல் ரங்கதாமையா வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. உங்கள் வழக்கறிஞர் கையில் இந்தத் தீர்ப்பு கண்டிப்பாக இருக்கட்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் உங்கள் தீர்ப்பை எடுத்து, எதை வைத்து உங்கள் பக்கம் சொன்னார்கள் என்று பாருங்கள். விதியில் இருந்த ஒரு வாசகத்தை வைத்து என்றால், அந்த விதியைத் திருத்தித் தப்பிக்க அரசு பார்க்கும். அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு தரும் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று சொல்லியிருந்தால் சாதாரணச் சட்டத்தால் அதைத் தாண்டுவது கடினம்.

அடுத்தது நீதிமன்ற அவமதிப்பு மனு. இதில் தாமதம் வேண்டாம். உத்தரவை நிறைவேற்றத் தவறிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். "கோப்பு நிதித்துறையில் இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஓராண்டைக் கடத்திவிடுவார்கள். வயதானவர்களை இப்படி அலைக்கழிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உத்தரவு நகலோடு பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கை அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

அவசரச் சட்டம் வந்தேவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ், அதைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரி ரிட் மனு போடலாம், இடைக்காலத் தடையும் கேட்கலாம். ஆனால் அரசு எளிதில் விடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தீர்ப்பாய உறுப்பினர்களின் பதவிக்காலம் பற்றிய அவசரச் சட்டப் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் ரத்து செய்தது. அடுத்த மாதமே கிட்டத்தட்ட அதே பிரிவுகளோடு நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அதை மீண்டும் ரத்து செய்ய 2025 நவம்பர் ஆனது.

அப்புறம், சட்டமன்றம் கூடிய நாளைக் குறித்துவையுங்கள். அதிலிருந்து ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் காலாவதியாகும். அதற்குள் மசோதாவாக்கி நிறைவேற்றிவிட்டால், உங்கள் ரிட் மனுவைத் திருத்தி அந்தப் புதிய சட்டத்தையும் எதிர்க்க வேண்டும்.