டிக்கிக்குள் மழைத்தண்ணி வந்தால் ரப்பரை மாற்றினால் சரியோ?

கார்த்திகை மழைக்கு ஸ்பெயார் ரயர் குழியில் தண்ணி நிற்குது, டிக்கி ரப்பரை மாற்றட்டோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதேங்கோ. பல கார்களில் குற்றம் ரப்பரில் இல்லை. பின் லைற்றுக்குப் பின்னாலுள்ள கஸ்கற், அதாவது தண்ணி புகாமல் இடைவெளியை அடைக்கிற பட்டி, காய்ந்து சுருங்கியிருக்கும். நானும் என்ர பழைய காரில் ரப்பரைத்தான் திட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் பார்த்தால், பம்பருக்குப் பின்னால் இருக்கிற காற்றுவழி மூடியால் வந்திருக்கு!

விரிப்பைக் கழற்றிக் குழியை நன்றாகக் காயவிடுங்கோ. பின் சீற்றை மடித்து ஒருவர் ரோச்சோடு உள்ளே இருக்க, மற்றவர் ஹோஸால் கீழிருந்து மேலாக, மெதுவாகத் தண்ணி விடவேணும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து ஓட்டை பிடிபடாது. கூரை மடிப்பு, மேல் பிரேக் லைற், அன்ரெனா அடி எல்லாம் கடைசியில்.

ரப்பரில்தான் சந்தேகமென்றால் ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கோ. லேசாக வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் காணாது.

ஓட்டையை அடைக்க வினாகிரி மணக்கிற சிலிக்கன் பசையை மட்டும் பூசாதேங்கோ, தகரம் கறள் பிடிக்கும். ஹைபிரிட் கார் என்றால் பற்றரி பின்பக்கம் இருக்கக்கூடும். ஹோஸைத் தொடாமல் நேரே கராஜுக்கு விடுங்கோ.