கீரை சாப்பிட்டால் எச்.பி.வி. போய்விடுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தது. கர்ப்பப்பை வாய்ச் செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை நார்மல். ஓராண்டு கழித்து வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். "எல்லாம் உடம்புச் சூடு, கத்தரிக்காய், கருவாட்டை நிறுத்து" என்கிறார் நாத்தனார். தெரிந்தவர் ஒருவர் மாதாமாதம் ஒரு டப்பா சத்து மாத்திரை வாங்கச் சொல்கிறார். சாப்பாட்டை மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: உங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று இந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) மிகப் பரவலான வைரஸ். தாம்பத்தியத்தில் இருக்கும் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வந்துபோகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் நம் எதிர்ப்புச் சக்தியே அதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கிவிடும் தொற்றுதான் 15, 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக்கூடும். தொற்று வராமல் தடுக்க உணவால் முடியாது. வந்ததை உடல் அடக்குவதற்குத் துணை நிற்கலாம், அவ்வளவுதான்.

இதில் அதிகம் ஆராயப்பட்ட சத்து ஃபோலேட். செல்கள் பெருகும்போது டி.என்.ஏ. பழுதில்லாமல் உருவாக இது வேண்டும். ரத்தத்தில் ஃபோலேட் குறைந்த பெண்களிடம் தொற்று நீடிப்பதும் கர்ப்பப்பை வாய்ச் செல்களில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களும் கூடுதலாக இருந்ததைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால், செல் மாற்றம் வந்த பெண்களுக்கு ஃபோலிக் அமிலத்தையும் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்), கீரை, கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினையும் மாத்திரையாகவே கொடுத்துப் பார்த்தபோது தெளிவான பலன் கிடைக்கவில்லை. பின்லாந்தில் 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியேவிட்டது. அந்த டப்பாவை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு முருங்கைக்கீரை, கொய்யா, முட்டை, பாசிப்பயறு வாங்குங்கள்.

ஃபோலேட் நீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை அலசிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு அலசினால் சத்து தண்ணீரோடு போகும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்திலோ பருப்பிலோ சேருங்கள். கீரை, கேரட், பரங்கிக்காயில் உள்ள கரோட்டின் உடலில் சேர ஒரு கரண்டி எண்ணெயாவது வேண்டும். அசைவமே தொடாதவர் என்றால் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தால் ஃபோலேட் இருந்தும் உடலால் சரிவரப் பயன்படுத்த முடியாது.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது வேறு. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடும் பெண்களுக்குக் கீரையும் பருப்பும் எங்கே மிஞ்சுகின்றன? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

நாத்தனார் சொல்லும் சூட்டுக்கும் இந்த வைரஸுக்கும் சம்பந்தமில்லை. கத்தரிக்காயை அளவோடு சாப்பிடலாம். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் எப்போதாவது போதும். ஆனால் சூடு என்ற நம்பிக்கையே ஆபத்தாக மாறுவதுண்டு. நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் என்று வந்தாலும் மோரும் வெந்தயமுமாக மாதங்களை ஓட்டிவிட்டுக் கடைசியில் வருகிறார்கள். இந்த அறிகுறிகளில் எது வந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள்.

புகைபிடிக்கும் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. புகையிலையின் நச்சுகள் கர்ப்பப்பை வாய்ச் சளியிலேயே கண்டறியப்பட்டுள்ளன. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் நிறுத்திவிடுவது நல்லது. வீட்டுக்குள் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கவும் விடாதீர்கள்.

உயிரைக் காப்பாற்றுவது பரிசோதனை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையும், தேவைப்பட்டால் சிகிச்சையும் கொடுத்தார்கள். இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. எந்தக் கீரைக்கும் இப்படி ஒரு கணக்கைக் காட்ட முடியாது.

ஆகவே ஓராண்டு என்றால் ஓராண்டு, தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முன், ரிப்போர்ட்டில் வைரஸின் வகை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் புற்றுநோயில் 70 சதவீதத்துக்குக் காரணம் 16, 18 ஆகிய இரண்டு வகைகள். அவற்றில் ஒன்று என்றால், பாப் ஸ்மியர் நார்மலாக இருந்தாலும் ஓராண்டு காத்திருக்காமல் கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.