இன்று ஒரு தகவல்: பலகையில் எழுதும் முன் கேட்டவை

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கவும், வகுப்புப் பலகையின் ஓரத்தில் எழுதவும் நாளுக்கு ஒரு பொது அறிவுத் தகவல் தேடுகிற ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகள் இவை. பிள்ளைகள் தாங்களே சோதித்துப் பார்க்கக் கூடிய தகவல்களுக்குத்தான் இங்கே முதலிடம்.

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியை): மழைக்காலத்துக்குப் பொருத்தமாக ஒன்று சொல்லுங்கள்.

பதில்: மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, வந்த எண்ணை 3ஆல் வகுக்கச் சொல்லுங்கள் டீச்சர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அதனால் 3 நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 9 வரை எண்ணினால் மின்னல் 3 கிலோமீட்டர் தள்ளி. பிள்ளைகள் ஆர்வத்தில் வேகமாக எண்ணிவிடும், விடை பெரிதாகிவிடும். முதல் நாளே சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளோடு சேர்ந்து எண்ணிப் பழக்குங்கள். வீட்டுக்குள் இருந்துதான் எண்ண வேண்டும் என்பதையும் பலகையில் எழுதுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெட்டவெளியிலோ மரத்தடியிலோ நிற்கவே கூடாது.

கேள்வி (அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர்): தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் ஏறும். "எரிந்துபோன ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடிக்கிறது, காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு" என்று எழுதலாமா?

பதில்: காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பது உண்மை. ஆனால் இந்தச் சோதனை அதைக் காட்டவில்லை. பல ஆண்டுகளாகத் தவறாகவே சொல்லிக்கொடுக்கப்படும் விளக்கம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு நீல மை. விரல் நீள மெழுகுவர்த்தியைக் களிமண்ணில் நிறுத்துங்கள். டம்ளர் கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் இளகிவிடும், எவர்சில்வரில் உள்ளே நடப்பது தெரியாது. விளிம்பு தட்டோடு ஒட்டிக்கொண்டால் தண்ணீர் நுழையத் தடுமாறும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எதிரெதிரே வைத்து அவற்றின் மேல் கவிழ்த்துங்கள்.

இனிப் பிள்ளைகளை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். கவிழ்க்கும்போதே விளிம்பில் குமிழிகள் வரும்: சூடாகி விரிந்த காற்று வெளியேறுகிறது. சுடர் எரியும்வரை தண்ணீர் கொஞ்சம்தான் ஏறும். அணைந்த பிறகுதான் கிடுகிடுவென்று ஏறும். ஆக்சிஜன் செலவாவதுதான் காரணமென்றால் எரியும்போதே சீராக ஏறியிருக்க வேண்டும் அல்லவா? சுடர் அணைந்ததும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எரியும்போது உண்டாகும் நீராவியும் குளிர்ந்து கண்ணாடியில் துளிகளாகப் படியும். தவிர, டம்ளரில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். செலவானதற்குப் பதிலாகக் கரியமில வாயுவும் உண்டாகிறது. அதே டம்ளரில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். ஆக்சிஜன் அதே அளவுதான், சூடுதான் கூடியிருக்கிறது.

கேள்வி (ஒரு தாய்): அரசமரம் 24 மணி நேரமும் ஆக்சிஜன் தரும் என்று மகள் எழுதிக்கொண்டு வந்தாள். சரியா?

பதில்: தவறு. இலை ஆக்சிஜனை வெளிவிடுவது ஒளிச்சேர்க்கையில். அதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டியதும் எல்லா மரங்களும் நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடும். அதன் அளவு மிகக் குறைவு என்பதால் மரத்தடியில் படுத்தவருக்கு மூச்சு முட்டாது.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவன்): நம் தேசிய விளையாட்டு ஹாக்கிதானே?

பதில்: இல்லை தம்பி. இந்திய அரசு எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவித்ததில்லை.

கேள்வி (சமூக அறிவியல் ஆசிரியர்): இந்தியக் கடற்கரை 7,516 கி.மீ. என்று ஒரு புத்தகம், 11,098 என்று ஒரு செய்தி. எதை எழுதுவது?

பதில்: இரண்டையும், ஆண்டோடு. 7,516.6 என்பது 1970களின் அளவு. 11,098.81 என்பது உள்துறை அமைச்சகத்தின் 2023–24 ஆண்டறிக்கையில் வந்த புதிய அளவு. கரை நீளவில்லை, இன்னும் நுணுக்கமான வரைபடத்தில் குடா, கழிமுகம் எல்லாவற்றின் வளைவையும் விடாமல் அளந்திருக்கிறார்கள். சுவர் வரைபடத்தில் கரையோரமாக நூலை இழுத்துப் பிடித்து ஒரு முறையும், வளைவுகளில் படியவிட்டு ஒரு முறையும் அளக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். எண் உள்ள தகவலுக்கு ஆண்டு போடாமல் எழுதவே எழுதாதீர்கள்.

கேள்வி: சனிக்கு எத்தனை நிலவுகள்?

பதில்: 274 (மார்ச் 2025). ஆண்டு முக்கியம்.

கேள்வி (தமிழாசிரியர்): "திருக்குறளில் வராத ஒரே உயிரெழுத்து ஔ." இதில் பிழை இருக்க முடியாது அல்லவா?

பதில்: 'ஒரே', 'முதல்' என்று வந்தாலே நின்று பார்க்க வேண்டும் ஐயா. 1147ஆம் குறள் "ஊரவர் கௌவை எருவாக" என்று தொடங்குகிறது.

அதே தமிழாசிரியர்: கௌ உயிர்மெய். தகவல் சொல்வது உயிரெழுத்தை.

பதில்: தனி வடிவத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. 167ஆம் குறளைப் பலர் "அவ்வித்து அழுக்காறு உடையானை" என்று அச்சிடுகிறார்கள், சிலர் "ஔவித்து" என்கிறார்கள்.

ஒரு வாசகி: என் நூலில் 1144 "கவ்வையால் கவ்விது காமம்" என்று இருக்கிறது. கவ்வையும் கௌவையும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான் அம்மா. அகரத்தை அடுத்து உகரமோ வகர மெய்யோ வந்தால் ஔ போலவே ஒலிக்கும் என்கிறது நன்னூல். ஔவை, அவ்வை இரண்டும் வழங்குவது அதனால்தான். 1144இல் அடுத்த அடி "தவ்வென்னும்" என்று தொடங்குகிறது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து வ் ஆக வேண்டும், ஆகவே கவ்வை. 1147இல் 'ஊரவர்'க்கு 'நீராக' எதுகை. கௌவைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தமிழாசிரியர்: அப்படியானால் 167இலும் அடுத்த அடி "தவ்வையைக் காட்டி விடும்" என்றுதானே வருகிறது? 'அவ்வித்து'தான் பொருந்தும். என் தகவல் நிற்கிறது.

பதில்: 167ஐப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். தனி எழுத்து வடிவமாக ஔ இல்லை என்று எழுதுங்கள், பக்கத்தில் 'கௌவை'யையும் எழுதுங்கள். ஔ ஒலியே குறளில் இல்லை என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

கேள்வி: துளசி இரவில் ஆக்சிஜன் தருமா? இன்னொருவர்: வேப்பமரம்? மற்றொருவர்: கற்றாழை?

பதில்: துளசிக்கும் வேம்புக்கும் அரசமரத்துக்குச் சொன்னதே பதில். தயவுசெய்து மேலே படியுங்கள். கற்றாழை இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும். ஆக்சிஜன் உண்டாவது பகலில்தான்.

கேள்வி (ஒரு தந்தை): ஞாபக சக்திக்கு வல்லாரை தினமும் எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: இதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஐந்தாம் வகுப்பு ஆசிரியை): நாளைக்கே எழுத ஒரு கணக்கு?

பதில்: "இலக்கங்களின் கூட்டுத்தொகை 9ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் வகுபடும்." விதியோடு விட்டுவிடாதீர்கள், காரணத்தையும் காட்டுங்கள். 432ஐ எடுங்கள். 100 என்பது 99ம் ஒன்றும், 10 என்பது 9ம் ஒன்றும். 4 நூறுகளில் நான்கு 99ஐயும், 3 பத்துகளில் மூன்று 9ஐயும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 4, 3, 2. ஒதுக்கியவை எல்லாம் 9ஆல் வகுபடும், மிச்சத்தின் கூட்டுத்தொகை 9. புளியங்கொட்டைகளை 9, 9ஆகப் பிரித்துவைத்துச் செய்தால் 32, 45 போன்ற சிறிய எண்களில் தொடங்குங்கள். 432 கொட்டைகளை எண்ணவே அந்தப் பாடவேளை போய்விடும்.