பச்சைத் திரைக்குப் பக்கத்தில் பைத்தான்

கேள்வி: எங்கள் மொத்த விற்பனை நிறுவனத்தின் இருப்புக் கணக்கும் பில் போடும் வேலையும் இருபத்தைந்து ஆண்டுகளாக ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில், பச்சை எழுத்துகள் தெரியும் திரையில்தான் நடக்கின்றன. புதிதாகச் சேரும் இளைஞர்கள் அதன் ஆர்பிஜி என்ற பழைய மொழியில் எழுதிய நிரல்களைத் தொடவே தயங்குகிறார்கள். எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றி எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்காவது வேண்டாம். 1988-இல் ஏஎஸ்/400 கணினியோடு வெளிவந்து, 2008 முதல் ஐபிஎம் ஐ என்று வழங்கும் இந்த இயங்குதளத்துக்குள்ளேயே, ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) நிரல்களை ஓட்டவல்ல 'பேஸ்' என்றொரு சூழல் இருக்கிறது. 2018 முதல் ஆர்பிஎம் வடிவ மென்பொருள் பொதிகளும் கிடைப்பதால், லினக்ஸில் பழகியவர் தமக்குத் தெரிந்த யம் என்ற நிறுவல் கட்டளையைக் கொண்டே பைத்தான் மொழி, நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டுவது), கிட் (மூலநிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைப்பது) ஆகியவற்றை அதில் நிறுவிக்கொள்ளலாம்.

முதல் வேலை மூலநிரலைக் கிட்டுக்குள் கொண்டுவருவது. பழைய மூலநிரல் மெம்பர்களில் (ஒரு கோப்புக்குள் தனித்தனி நிரல்களாக இருக்கும் பகுதிகளில்) ஒவ்வொரு வரியோடும் இருக்கும் திருத்தத் தேதி, சாதாரணக் கோப்பாக நகலெடுக்கும்போது கூட வராது என்பதால் மூத்த நிரலர்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் உண்டு, ஆகவே பழைய மெம்பர்களை அழித்துவிடாதீர்கள். ஆர்பிஜியும் இன்று எந்தச் சொல் வரியின் எத்தனையாவது இடத்தில் வரவேண்டும் என்று பார்த்து எழுதும் மொழியாக இல்லை. விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் செயலியில் அதை எழுதத் திறமூல நீட்சியே இருக்கிறது.

தள்ளுபடி, வரி போன்ற கணக்குகளைப் பைத்தானில் இரண்டாம் முறை எழுதுவதுதான் நான் அஞ்சும் தவறு; இரண்டு கணக்கும் என்றாவது ஒருநாள் முரண்படும். இருக்கும் ஆர்பிஜி நிரலையே டிபி2 தரவுத்தளத்தில் ஸ்டோர்டு புரொசீஜராக (வெளியிலிருந்து பெயர் சொல்லி அழைக்கக்கூடிய செயல்முறையாக)ப் பதிவு செய்துவிட்டால், புதிய வலைப்பக்கம் ஓடிபிசி என்ற தரவுத்தள இணைப்பு வழியாக அதை அழைத்துக்கொள்ளும்.

சிக்கல் பெரும்பாலும் எழுத்துக் குறியீட்டில் வரும். ஆங்கில எழுத்து 'ஏ' மற்றக் கணினிகளில் வழங்கும் ஆஸ்கி குறியீட்டில் 41, இங்குள்ள எப்சிடிக் குறியீட்டில் சி1 (இரண்டும் பதினாறடிமான எண்கள்). பழைய கோப்புகளின் புலங்கள் 65535 என்ற குறியீட்டு எண்ணோடு இருந்தால், அமைப்பு அவற்றை இருமத் தரவாகக் கொண்டு மாற்றாமலே அனுப்பிவிடும். வாடிக்கையாளர் பெயருக்குப் பதிலாகப் புரியாத குறிகள் தெரிவது அதனால்தான்.

இன்னொன்று, ஜர்னல் (மாற்றங்களின் பதிவேடு) செய்யப்படாத கோப்பில் கமிட் கட்டுப்பாட்டோடு (மாற்றங்களை மொத்தமாக ஏற்கவோ ரத்து செய்யவோ உதவும் முறையோடு) எழுத முயன்றால் எஸ்க்யூஎல்7008 பிழையோடு நின்றுவிடும். எனவே இருப்பைப் பார்க்க மட்டும் உதவும் ஒரு பக்கத்தில் தொடங்குங்கள். எழுதும் பணிகளை, எந்தெந்தக் கோப்புகளுக்கு ஜர்னல் உண்டு என்று பட்டியலிட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம்.