அமெரிக்க அதிபர் சொன்னார் என்று பனாடோவை ஒதுக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். 24 வாரக் கர்ப்பம். இரண்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. கர்ப்பிணிகள் பாராசிட்டமால் போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்று அமெரிக்க அதிபர் பேசிய வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. "நாட்டை ஆளுகிறவர் ஆதாரம் இல்லாமலா பேசுவார்?" என்று அத்தை என் பாராசிட்டமால் மாத்திரையான பனாடோவை எடுத்து வைத்துக்கொண்டார். வேறு என்ன போடலாம்? அத்தையிடம் எப்படிப் பேசுவது?

பதில்: முதலில் காய்ச்சலைக் கவனியுங்கள். இரண்டு நாளாகியும் இறங்காத காய்ச்சலை இன்றே கிளினிக்கிலோ ஆர்.கே. கான் மருத்துவமனையிலோ காட்டிவிடுங்கள். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று இப்படித்தான் சத்தமில்லாமல் வரும். தலைவலியும் இருப்பதால் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கண் மங்கினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பனாடோ 500 மில்லிகிராம் மாத்திரையை நீங்கள் போடலாம். ஒன்றில் அடங்கினால் ஒன்று போதும், இல்லையென்றால் இரண்டு. அடுத்த முறைக்கு 6 மணி நேரம் விடுங்கள். 24 மணி நேரத்தில் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தாலோ எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"வேறு என்ன போடலாம்" என்ற கேள்விதான் எங்களுக்குக் கவலை தருகிறது. பனாடோவுக்குப் பயந்தவர்கள் அலமாரியில் இருக்கும் கிராண்ட்-பா தலைவலிப் பவுடரைக் கரைத்துக் குடிக்கிறார்கள். அதில் ஆஸ்பிரின், காஃபின் இரண்டோடு, எதற்குப் பயந்தார்களோ அந்தப் பாராசிட்டமாலும் இருக்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். மைப்ரோடால் என்ற வலி மாத்திரையில் அதுவும் உண்டு. டாக்டர் சொல்லாமல் இவற்றைத் தொடாதீர்கள்.

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. 2025 செப்டம்பர் 22 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் டிரம்ப் அப்படிப் பேசியது உண்மை. ஆனால் அதே நாளில் அவருடைய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டாக்டர்களுக்கு அனுப்பிய கடிதம், பாராசிட்டமால்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்றே சொன்னது. மேடையில் அவ்வளவு உறுதி, காகிதத்தில் அது இல்லை. எந்தத் தலைவர் மருந்தைப் பற்றிப் பேசினாலும், அந்த நாட்டு மருந்துத் துறை எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

தொடர்பு இருப்பதாகக் காட்டிய ஆய்வுகளும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் மாத்திரை போடும் தாய்க்கு ஏற்கெனவே காய்ச்சலோ தொற்றோ ஒற்றைத் தலைவலியோ இருக்கும். பரம்பரைக் காரணமும் இருக்கலாம். விளைவு எதனால் வந்தது என்று பிரிப்பது கடினம். ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு கர்ப்பத்தில் மாத்திரை போட்டிருப்பார், இன்னொன்றில் போட்டிருக்க மாட்டார். அப்படிப் பார்த்தபோது அந்தத் தொடர்பு காணாமல் போனது. முடிவு 2024இல் வெளியானது.

தலைவர் பேச்சு நம்பிக்கையை எப்படி அரிக்கும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். 1999 அக்டோபரில் அப்போதைய நம் நாட்டு அதிபர் தாபோ எம்பெக்கி, எச்ஐவிக்கான ஏஇசட்டி மருந்து உடலுக்கு ஆபத்து என்று நாடாளுமன்றத்தில் பேசினார். எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றும் பிறகு கேள்வி எழுப்பினார். 2000 ஜூலையில் உலக எய்ட்ஸ் மாநாடு நம் டர்பனிலேயே கூடியபோது, 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு மறுத்தார்கள். அப்படியும் சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்து நெவிரபின். பிரசவ வலியில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த பிள்ளைக்குச் சில துளி, அவ்வளவுதான். அதையும் மாகாணத்துக்கு இரண்டு இடமென 18 இடங்களுக்குள் அரசு அடக்கி வைத்தது. 2002 ஜூலை 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் அந்தத் தடை விலகியது. சிகிச்சை தாமதமானதால் 3,30,000க்கும் அதிகமான உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

இங்கே உடைந்தது தலைவர் மேல் இருந்த நம்பிக்கை மட்டுமல்ல. கிளினிக் சிஸ்டர் ஒன்று சொல்ல, நாட்டின் அதிபர் வேறொன்று சொன்னால், மாத்திரையைக் கையில் வாங்கும் பெண் யாரை நம்புவாள்? அந்தச் சந்தேகம் ஒரு மருந்தோடு நிற்காது, தடுப்பூசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பரவும்.

ஆகவே அத்தையிடம் டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்று வாதம் வேண்டாம். ஆளைப் பற்றிய பேச்சாக மாறினால், அத்தை தன் பக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். "பேரப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதானே பயப்படுகிறீர்கள் அத்தை, எனக்கும் அதே பயம்தான்" என்று தொடங்குங்கள். காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதும் பிள்ளைக்கு நல்லதல்ல என்று பிறகு சொல்லுங்கள்.

மறுப்பதற்காகக்கூட அந்த வீடியோவைத் திரும்பக் குழுவில் போடாதீர்கள். திரும்பத் திரும்பக் காதில் விழும் பொய், பழகிப்போய் உண்மை மாதிரி ஒலிக்கும். "கர்ப்பத்தில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம், குறைந்த அளவில், தேவைப்படும் நாள் மட்டும்" என்று ஒரே வரி எழுதுங்கள். இன்று கிளினிக்குக்குப் போகும்போது அத்தையையும் அழைத்துப் போங்கள். பனாடோ டப்பா அவர் கையிலேயே இருக்கட்டும். அவரே அதைச் சிஸ்டரிடம் காட்டிக் கேட்கட்டும்.