பழைய கணினியும் பேச்சுரிமையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணாச்சி, 1996-இல் எங்கள் ஊர்க் குளம், கோவில் கொடை, பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, கணினியில் அச்சுக்கோத்து (டி.டி.பி.) பிளாப்பி வட்டில் வைத்தேன். புத்தகமாக்க முடியாமல் போயிற்று. இப்போது எடுத்துப் பார்த்தால் பிளாப்பிக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. மீட்க முடியுமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: பெரும்பாலும் முடியும் ஐயா. ஆனால் யாரிடம் கொடுத்தாலும் அவற்றை நேராக டிரைவில் செருக விடாதீர்கள். அந்த வெள்ளைப் புள்ளி பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஆற்றங்கரை ஊர் பீரோக்களில் கிடந்த பிளாப்பி எதுவும் இதற்குத் தப்புவதில்லை. அப்படியே செருகினால் டிரைவில் வட்டைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை அப்பிக்கொண்டு, வட்டின் மேலுள்ள காந்தப் பூச்சைச் சுரண்டிவிடும். அடுத்துச் செருகும் நல்ல பிளாப்பியும் அதோடு போகும்.

நான் செய்வது இப்படி. உலோக மூடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவிலுள்ள வட்டத் தகட்டை விரலால் மெல்லத் திருப்பித் திருப்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டு பக்கமும் துடைப்பேன். அழுத்தக் கூடாது. நன்றாக உலர விட வேண்டும். மூலையிலிருக்கும் சின்னக் கதவை நகர்த்தித் துளை தெரியும்படி வைத்துவிட்டால் யாரும் தவறுதலாக அதில் எழுத முடியாது. பிறகு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல், 1.44 எம்.பி. முழுவதையும் உள்ளது உள்ளபடி ஒரே நகலாக (படிமமாக) ஹார்டு டிஸ்க்கில் இறக்கிக்கொள்வேன். நைந்துபோன பிளாப்பி இரண்டாவது முறை படிக்க விடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. உங்கள் கோப்பு திறக்கும், தமிழ் தெரியாது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அந்தக் காலத்தில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் எந்த எண்ணுக்கு எந்தத் தமிழெழுத்து என்று ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்தார்கள். எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தும், 1999-இல் சென்னை தமிழ் இணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் ஏற்கப்பட்டும், தமிழக அரசு யூனிகோடைத் தன் அலுவல் தரமாக அறிவிக்க 2010 ஆயிற்று. அதுவரை அடித்த தமிழெல்லாம் எத்தனையோ குறியீடுகளில் சிதறிக் கிடக்கிறது. அதில் ஒரு பக்கமாவது தாளில் அச்செடுத்தது உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். கோப்பில் உள்ளதையும் தாளில் உள்ளதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்தக் குறியீடு என்று பிடித்துவிடலாம். பிறகு மாற்றுவது ஒரு மணி நேர வேலை.

இந்தப் பகுதியில் தணிக்கையைப் பற்றி நான் ஓயாமல் எழுதுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் வந்து பறிமுதல் செய்தால் ஊரே பேசும். ஒரு கிராமத்தின் வரலாறு பீரோவில் பூஞ்சை பிடித்து அழிந்தால் கேட்க நாதியில்லை. இரண்டிலும் போவது ஒன்றுதான். சீக்கிரம் எடுத்துவிடுங்கள் ஐயா.

கேள்வி: 2018-இல் தூத்துக்குடி சம்பவத்தின்போது நெல்லையிலும் இணையத்தை நிறுத்தினார்கள். நான் அப்போது பள்ளி மாணவி. வதந்தி பரவாமல் தடுக்க அரசுக்கு வேறு வழி இருந்ததா?
– கல்லூரி மாணவி, மேலப்பாளையம்

பதில்: இருந்தது மகளே. உண்மையை உடனுக்குடன் சொல்வதுதான் அந்த வழி.

அந்த ஆண்டு மே 22 அன்று தாமிர ஆலைக்கு எதிராக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள்மீது போலீசார் சுட்டார்கள். மறுநாளும் சுட்டார்கள். 13 பேர் இறந்தார்கள். 23-ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த உள்துறை உத்தரவிட்டது. தூத்துக்குடியில் நடந்ததற்கு நாங்குநேரிக்காரரும் நாகர்கோவில்காரரும் ஏன் வாயடைத்து நிற்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.

வதந்தி அடங்கியதா என்றால், பாளையங்கோட்டையில் என் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் இறந்தவர்களின் எண்ணிக்கை மணிக்கொரு தடவை ஏறிக்கொண்டே போயிற்று. சரியா தவறா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் கையிலும் வழி இல்லை. தூத்துக்குடியில் பிள்ளையைப் படிக்க வைத்திருந்த ஓர் அம்மா, கடை வாசலில் நின்றுகொண்டு, "உங்கள் கம்ப்யூட்டரிலாவது ஏதாவது வருகிறதா?" என்று கேட்டார். வரவில்லை. அந்த ஆண்டுதான் பொறியியல் கலந்தாய்வு முதன்முதலாக இணையவழிக்கு மாறியிருந்தது. விண்ணப்பம் போடும் மாதமும் அதே மே மாதம். மதிப்பெண் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வந்து வந்து திரும்பினார்கள். இவர்களில் யார் வதந்தி பரப்பியவர்?

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டை அது கடுமையாகக் கண்டித்தது. கிடைத்தால் படியுங்கள். 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: இணையத்தைக் காலவரையின்றி நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து வழக்குப் போட முடிய வேண்டும். இனி ஒருமுறை நம் மாவட்டத்தில் நிறுத்தினால், "அந்த உத்தரவின் நகல் எங்கே?" என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த கீபோர்டு எது?
– தட்டச்சுப் பயிலக ஆசிரியை, வள்ளியூர்

பதில்: டிவிஎஸ் கோல்டு. ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனி ஸ்விட்ச். விரல் இறங்கும்போதே எழுத்து விழுந்ததா இல்லையா என்று காது சொல்லிவிடும். உங்கள் மாணவிகளுக்குத் தட்டச்சு முறையோடு தமிழ்99-ஐயும் சொல்லிக்கொடுங்கள் அம்மா. உயிரெழுத்து இடக்கையிலும் மெய்யெழுத்து வலக்கையிலும் இருப்பதால் ஒரு மாதத்தில் விரல் பழகிவிடும்.

கேள்வி: யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டால் அவதூறும் சாதி வெறுப்பும் பெருகாதா? நம் பக்கத்தில் ஒரு சுவரொட்டியால் வெட்டுக்குத்து வரை போனதை நீங்கள் அறிவீர்கள்.
– வாசகர், களக்காடு

பதில்: அறிவேன். அதனால்தான் இதற்கு அவசரமில்லாமல் பதில் எழுதுகிறேன். வெட்டத் தூண்டுகிறவனைச் சட்டம் பிடிக்கட்டும். அதற்குப் பிரிவுகள் உண்டு, வழக்காடு மன்றம் உண்டு, அவன் தரப்பையும் கேட்பார்கள். நான் எதிர்ப்பது, எழுதியவனுக்கே காரணம் சொல்லாமல் ஓர் அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுத்தை மறைய வைப்பதை.

இது நமக்குப் புதியதில்லை. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும்தான் வாய்ப்பூட்டு போட்டது. நடவடிக்கை எடுத்தால் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை. எட்டயபுரத்தில் பிறந்து நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி, 1908-இல் 'இந்தியா' பத்திரிகையோடு புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அச்சானதையும் பிரிட்டிஷ் எல்லைக்குள் வர விடாமல் தடுத்தார்கள். அவர் காலமாகி ஏழு ஆண்டுகள் கழித்து, 1928-இல், பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து கண்டித்துப் பேசினார். அந்தத் தடையில்கூட ஒரு வெளிச்சம் இருந்தது பாருங்கள்: யார் தடை செய்தது என்று தெரிந்தது, சபையில் கேட்க முடிந்தது.

இன்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி ஓர் இணையப் பக்கத்தை அரசு முடக்கினால், 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதி, அந்தப் புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று, இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற 66ஏ பிரிவை அடியோடு ரத்து செய்தது. அதே தீர்ப்பில் 69ஏ பிரிவைச் செல்லும் என்று விட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு மனக்குறை இருப்பது இந்த இடத்தில்தான். காரணத்தை மறைத்துவிட்டு ஒருவன் வாயை மூட முடியும் என்றால், அவன் எங்கே போய் முறையிடுவான்? களக்காட்டுச் சுவரொட்டியைக் கிழிக்கத்தான் வேண்டும் என்றால், கிழித்தவர் பெயரையும் காரணத்தையும் அதே சுவரில் ஒட்டட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

கேள்வி: நீங்கள் எந்தக் கட்சி அண்ணாச்சி?
– வாசகர், சுரண்டை

பதில்: வாக்குச்சாவடிக்குள் ஒரு கட்சி. இந்தப் பகுதியில் எந்தக் கட்சியும் இல்லை. 1950 மார்ச்சில் 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழைச் சென்னை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுத்தது காங்கிரஸ் அரசு. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றதும், பேச்சுரிமைக்கு வரம்பு கூட்ட அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தை முதல்முறையாகத் திருத்தினார்கள். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்து பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 66ஏ பிரிவு ஒரு கூட்டணியின் ஆட்சியில் சட்டமானது. அதை நீதிமன்றத்தில் ஆதரித்து வாதாடியது அதற்கு எதிரான கூட்டணியின் அரசு. எதிர்க்கட்சியில் இருக்கும்போது பேச்சுரிமை பேசாத கட்சியை நான் பார்த்ததில்லை. ஆட்சிக்கு வந்த பிறகு என்ன செய்கிறது என்பதைத்தான் குறித்துவைக்கிறேன்.

கேள்வி: என் கணினி 2014-இல் வாங்கியது. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடவா?
– மளிகைக் கடைக்காரர், திசையன்விளை

பதில்: வேண்டவே வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றது உண்மை. விண்டோஸ் 11, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை என்பதும் உண்மை. அதற்காக உங்கள் பெட்டி ஒரே இரவில் கெட்டுவிடுமா? பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். உங்கள் ஊர்க் கணினி என்றால் தேரி மண் சிவப்பாக ஃபேன் இறக்கையில் படிந்திருக்கும்; பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தேதி ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போனால் மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் 2032 பேட்டரியை மாற்றுங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி., ராம் 8 ஜி.பி., பிறகு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். பில் போடவும் கடிதம் அடிக்கவும் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் வேண்டுமென்றால், அந்தப் பெட்டியை இணையத்தில் இணைக்காமல் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டையில் ஓர் அரிசி மண்டியில் இன்றும் பாக்ஸ்புரோ என்ற பழைய மென்பொருளில்தான் பில். டாஸ் கறுப்புத் திரை, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், மூன்று நகல் தாள். சுவிட்சைப் போட்டால் நேராக வேலைக்கு வருகிறது. திறப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இன்றைய மென்பொருள் பலவும் வெளியூரிலிருக்கும் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறது. 2009 ஜூலையில் அமேசான், தான் காசு வாங்கி விற்ற மின்னூலை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அவர்களைக் கேட்காமலே அழித்தது. பிறகு அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கம்பெனியால் அது முடிந்தது என்பதுதான் எனக்குக் கவலை. வாங்கிய பொருள் நம் வீட்டில் இருந்தாலும் கயிறு அவர்கள் கையில் இருக்கிறது. பழைய கணினியை நான் விடாமல் தாங்கிப் பிடிப்பதற்கு ஏக்கம் காரணமில்லை, இதுதான் காரணம்.

கேள்வி: எங்கள் பாசனச் சங்கத்தின் மனுக்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்கள் எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிவிட்டது. இதுவரை அதைத் தொடவில்லை.
– விவசாயி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: தொடாமல் வைத்தது நல்லது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. ஹார்டு டிஸ்க்கின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே வண்டல் தண்ணீர் உள்ளே போயிருக்கும், இப்போது காய்ந்திருக்கும். மின்சாரம் கொடுத்த அடுத்த நொடி ஹெட் அந்த வண்டலைத் தட்டு முழுக்க உரசிவிடும். யாராவது வெறும் மேசையில் வைத்துத் திறந்து பார்க்கிறேன் என்றாலும் விடாதீர்கள். தூசி புகாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். வெள்ளத்தில் முழுகியது என்பதையும் எப்போது முழுகியது என்பதையும் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் வாங்கிய பதில்களின் அலுவலக நகல் நீர்வளத்துறையிலும் (முன்பு பொதுப்பணித்துறை) ஆட்சியர் அலுவலகத்திலும் இருக்க வேண்டும். பத்து ரூபாய் கட்டணத்தில் மறுபடி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கோப்புகளைப் பாதுகாக்கும் காலம் முடிந்தால் அவற்றை அழிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பதால் இந்த வாரமே போடுங்கள். வந்ததும் ஒன்றைத் தாளில், ஒன்றைச் சங்கத்துக் கணினியில், ஒன்றை ஆற்றுக்கு எட்டாத மேட்டுப் பகுதிச் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். ஸ்கேன் செய்வதில் சந்தேகம் வந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் சொல்கிறேன்.