சரவணம்பட்டியா, பீளமேடா? குடிவரப்போவது யார் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: பொள்ளாச்சியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கையில் 50 லட்சம் இருக்கிறது. மாதா மாதம் வாடகை வரும்படி கோவையில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் வாங்க நினைக்கிறேன். சரவணம்பட்டியில் புது ஃபிளாட் 50 லட்சம். 17,000 வாடகை வரும் என்கிறார் புரோக்கர். பீளமேட்டில் 15 வருடப் பழைய ஃபிளாட் 44 லட்சம், 16,000 வரும். ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டு வாடகைக்கும் வித்தியாசம் ஆயிரம் ரூபாய்தான். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலே அந்த வருடத்துக் கூடுதல் வாடகை போய்விடும். அதனால் எந்த வீடு காலியாகாமல் இருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது அந்த வட்டாரத்து மக்கள்.

சரவணம்பட்டியில் வாடகைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஐடி வேலைக்கு வந்த இளைஞர்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள். வாடகை ஒழுங்காக வரும். ஆனால் வேலை மாறினால் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பிவிடுவார்கள். 2020-ல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சொந்த ஊருக்குப் போனார்கள். ஐடி பகுதிகளில் வீட்டுக்கு வீடு 'டு லெட்' போர்டு தொங்கியது. போதாததற்கு, சத்தி ரோட்டை ஒட்டிப் புது அபார்ட்மென்ட்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அடுத்த வருடம் உங்களுடையதைவிடப் புதிய வீடு பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும்.

பீளமேடு வேறு மாதிரி. பி.எஸ்.ஜி. கல்லூரிகள், மருத்துவமனைகள், விமான நிலையம், பக்கத்தில் விளாங்குறிச்சி டைடல் பார்க். மாணவர்கள், நர்ஸுகள், பேராசிரியர் குடும்பங்கள், ஐடிக்காரர்கள் என்று நாலு வகையான ஆட்கள் வீடு தேடுகிறார்கள். ஒரு வகை குறைந்தாலும் இன்னொன்று கை கொடுக்கும். அதனால் என் ஓட்டு பீளமேட்டுக்குத்தான்.

ஆனால் அந்த மூன்றாவது மாடி வேண்டாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருக்க விரும்பும் வயதான தம்பதிகள் கோவையில் நிறையப் பேர். நல்லபடியாக வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் இருப்பார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியை அவர்கள் ஏறிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதே பகுதியில் முதல் மாடி கிடைத்தால் ஒன்றிரண்டு லட்சம் கூடப் போனாலும் பரவாயில்லை.

மக்கள்தொகைக் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். கையில் இருப்பது 2011 கணக்கு. அந்தத் தெருவில் ஒரு வார நாளில் காலை எட்டு மணிக்கு நில்லுங்கள். ஸ்கூல் வேன் நிற்கிறதா, ஐடி கம்பெனி கேப் வருகிறதா, ஸ்டெதஸ்கோப்போடு பைக்கில் போகிறார்களா என்று பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி போய், அந்த அபார்ட்மென்ட்டில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பாதி இருட்டாக இருந்தால் வாட்ச்மேனிடம் காரணம் கேளுங்கள். தெருமுனை அயர்ன்காரருக்கும் எந்த வீடு எப்போது காலியானது என்று தெரியும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 44 லட்சத்துடன் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 48 லட்சம். வருடத்தில் பதினோரு மாத வாடகை 1.76 லட்சம். வரிக்கும் ரிப்பேருக்கும் 20,000 ஒதுக்கினால் மிச்சம் 1.56 லட்சம், அதாவது மூன்றேகால் சதவீதம். நிலத்தின் விலை ஏறும் என்பது உண்மைதான், ஆனால் அது விற்கும்போதுதான் கைக்கு வரும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டியில் 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாத வருமானம் மட்டுமே தேவை என்றால் வீட்டு யோசனையையே தள்ளிவைக்கலாம். இருப்பதெல்லாம் இந்த 50 லட்சம்தான் என்றால் கட்டாயம் தள்ளிவையுங்கள்.

வாங்குவதாக முடிவு செய்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அசோசியேஷன் விதிகளை வாங்கிப் படியுங்கள். பேச்சிலர்களுக்கு விடக்கூடாது என்று அதில் இருந்தால், பீளமேட்டில் உங்களுக்கு வரக்கூடிய ஆட்களில் பெரும் பகுதி அப்போதே போய்விடும். அப்புறம், வீட்டை லேடீஸ் ஹாஸ்டலாக நடத்தக் கேட்டு யாராவது வந்தால் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான தமிழ்நாட்டின் 2014 சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். குடும்பத்துக்கு விட்டாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.